கடலை ஜெபமாலையும் ஒரு கருவாட்டுப் பொட்டலமும்



கொஞ்சம் நீண்ட பதிவு. அவசரமாக இருப்பவர்கள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் சிவப்பு மை எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். எத்தனை வருடம் நான் உங்களுக்குத் திருத்தினேன், ஒருமுறை நீங்கள் எனக்குத் திருத்துங்களேன்.

போன வாரம் மஸ்கட்டில் இருக்கும் நம் மாணவி ஒருத்தி வாட்ஸாப்பில் கூப்பிட்டாள். அங்கே கோயிலில் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறாளாம். எனக்கு ஒரே பெருமை. "டீச்சர், அக்டோபர் மாதம் வருது. நீங்க எங்களுக்குச் செய்ய வச்சீங்களே, தின்னுற ஜெபமாலை, அத எம் பிள்ளைகளுக்குச் செய்யலாம்னு இருக்கேன். எப்படிச் செஞ்சோம்னு சொல்லுங்க" என்றாள். சொன்னேன். போனை வைப்பதற்கு முன்னால் அவள் இன்னொன்றும் சொன்னாள். அதனால்தான் இந்தப் பதிவு. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அவள் கேட்டதை எல்லாருக்கும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குள் இன்னும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

தெரியாதவர்களுக்கு: வாரத்தில் ஐந்து நாள் தொடக்கப்பள்ளி ஆசிரியை, ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குப் பிறகு ஞானோபதேச டீச்சர். அப்போது மறைக்கல்வி என்று யாரும் சொல்லமாட்டார்கள், 'ஞாபதேசம்' என்பார்கள். தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு பங்கு. 1542-ல் சவேரியார் வந்து பிள்ளைகளைக் கூட்டி வைத்து மந்திரம் சொல்லிக்கொடுத்த கரை இது என்று சொல்லிச் சொல்லியே எங்களை வேலைக்கு இழுத்துவிடுவார்கள். சம்பளம் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு ஒரு கேக்கும் காலண்டரும் உண்டு.

முதல் பூசை ஆறு மணிக்கு. நன்மை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்தால் போதும் என்று 1964-லேயே திருத்தந்தை ஆறாம் பவுல் மாற்றிவிட்டார். ஆனால் நம் ஊர்ப் பாட்டிகளுக்கு அந்தச் செய்தி வந்து சேரவே இல்லை. பச்சைத் தண்ணி பல்லில் படாமல்தான் பிள்ளைகளை அனுப்புவார்கள். பூசை முடிந்து ஏழு மணிக்கு என் வகுப்பில் வந்து உட்காரும்போது பிள்ளைகளின் வயிறு பேசும். கண் கோயில் வாசலில் விற்கிற வடையிலேயே இருக்கும். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நான் மறையுண்மை சொல்லிக்கொடுக்க வேண்டும்.

சுண்டலில்தான் எல்லாம் ஆரம்பித்தது. எங்கள் பள்ளியில் என்னோடு வேலை பார்த்த அக்கா ஒருவர் நவராத்திரிக்குக் கொலு வைப்பார். மறுநாள் தூக்குவாளி நிறையச் சுண்டல் வரும். அன்றைக்கு மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், கணக்கில் சுத்தமாக வராதவன், பெஞ்சின் மேல் கடலையை வரிசையாக அடுக்கி, பத்து ஆனதும் ஒரு விரல் இடைவெளி விட்டு, திரும்பப் பத்து அடுக்கிக்கொண்டிருந்தான். "என்னல பண்ற?" என்றேன். "பாட்டி செவம் சொல்றாப்ல, டீச்சர்" என்றான். பத்து, ஓர் இடைவெளி, பத்து. ஆசிரியர் பயிற்சியில் இரண்டு வருடம் எங்களுக்கு மணிச்சட்டம், துணைக்கருவி என்று என்னென்னவோ சொல்லிக்கொடுத்தார்கள். பத்துப் பத்தாகக் கட்டி எண்ணுகிற துணைக்கருவி ஒவ்வொரு வீட்டிலும் ஆணியில் தொங்குகிறது என்பதை ஒருவரும் சொல்லவில்லை. அந்த ஞாயிறே இரண்டு படி கொண்டைக்கடலை ஊறப்போட்டேன்.

இனிச் செய்முறை.

முழு ஜெபமாலை வேண்டாம். முழு மாலைக்கு 59 மணி. ஐந்து பத்துகள் 50, சிலுவைக்கு மேலே மூன்று, ஆக 53 அருள்நிறை மந்திரம். பரலோக மந்திரத்துக்கு ஆறு பெரிய மணி. 32 பிள்ளைகள் இருந்தால் 1,888 மணி. முதல் வருடம் இந்தக் கணக்கைப் போடாமல் இறங்கிவிட்டேன். மதியம் இரண்டாம் பூசைக்கூட்டம் கலைந்த பிறகும் நாங்கள் கோர்த்துக்கொண்டிருந்தோம். பிறகு ஒரே ஒரு பத்து மட்டும்: பத்துச் சின்ன மணி, ஒரு பெரிய மணி, ஒரு சிலுவை. போதும்.

கொண்டைக்கடலையை எட்டு மணி நேரம் ஊறவைத்து, உப்புப் போட்டு அரை வேக்காடு. முக்கால் வேக்காடு போனால் ஊசி பட்டதும் இரண்டாகப் பிளக்கும். வேகவே இல்லையென்றால் ஊசி உடையும். பூக்கோர்க்கும் ஊசி நல்லது. எத்தனை ஊசி கொடுத்தீர்களோ அத்தனை ஊசியை எண்ணி வாங்காமல் ஒரு பிள்ளையையும் எழுந்திருக்க விடாதீர்கள். நூலை முதலில் மஞ்சள் தண்ணீரிலோ வெந்நீரிலோ அலசிக் காயவைத்துவிடுங்கள். ஒவ்வொரு கடலைக்கும் நடுவில் ஒரு முடிச்சு. முடிச்சுப் போடத் தெரியாத பிள்ளையே எங்கள் ஊரில் கிடையாது, வலை முடிகிற வீட்டுப் பிள்ளைகள். என்னை விட வேகமாகப் போடும். மஸ்கட்டில் எப்படியோ. பெரிய மணிக்குக் கொட்டை எடுத்த பேரீச்சம்பழம். சிலுவைக்கு இரண்டு தேங்காய்க் கீற்றைக் குறுக்காக வைத்து நூலால் கட்டினால் பார்க்க அழகாக இருக்கும்.

எது சரிப்படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூந்தி உதிரும். தேன்மிட்டாய்க்கு எறும்பு வரும், அதுவும் கோயில் எறும்பு, கடித்தால் சாதாரணமாக இருக்காது. ஜெம்ஸ் மிட்டாயில் ஓட்டை போட முடியாது. அட்டையில் ஒட்டினால் பிள்ளைகள் கையில் சாயம் இறங்கி, அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டு வந்த பீடப்பையன்கள் எல்லாம் ஹோலிப் பண்டிகை ஆடினாற்போல் ஆகிவிட்டார்கள். என் சொந்த ஊர் பக்கத்துச் சில்லுக்கருப்பட்டியை ஒருமுறை ஆசையாகக் கொண்டுபோனேன். ஐப்பசி ஈரத்தில் அரை மணி நேரத்தில் இளகிவிட்டது. இப்போது இணையத்தில் பார்க்கிறேன், வெளிநாட்டில் நடுவில் ஓட்டையோடே வருகிற சீரியல் வளையங்களைக் கோர்க்கிறார்கள். கொடுத்து வைத்த டீச்சர்கள்.

ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு முழுக்கடலை, நிலக்கடலை எதுவும் வேண்டவே வேண்டாம். தொண்டையில் சிக்கும், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். அக்காவோடு ஒட்டிக்கொண்டு வருகிற தம்பி தங்கைகளுக்குப் பேரீச்சம்பழத்தைப் பிய்த்துக் கொடுத்து உட்கார வையுங்கள்.

கோர்த்து முடிந்ததும் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து ஒரு மந்திரம், ஒரு கடலை. பத்து முடிந்தால் வெறும் நூலும் சிலுவையும் மிஞ்சும். மறையுண்மையில் எது என்று கேட்டால் அன்றைக்குக் கட்டாயம் சொல்லிவிடுவார்கள். கடலையை விழுங்கிவிட்டுத்தான் அடுத்த மந்திரம், அதனால் அவசரமாக ஓட்டவும் முடியாது. இது நான் எதிர்பார்க்காத லாபம்.

எதிர்ப்பும் வந்தது. "மாதா மாலையத் தின்னக் குடுக்கா இந்த டீச்சரு" என்று ஒரு பாட்டி பங்குச் சாமியாரிடமே போய்ச் சொல்லிவிட்டார். சாமியார் என்னைக் கூப்பிட்டு, "மந்திரிக்கச் சொல்லி என்கிட்ட கொண்டுவராத வரைக்கும் எனக்கு ஆட்சேபம் இல்லை" என்றார். மந்திரித்த ஜெபமாலை அறுந்துபோனால்கூட நாம் குப்பையில் போடுவதில்லை, மண்ணில் புதைப்போம், இல்லையென்றால் எரிப்போம். இது அப்படி இல்லை, சிலேட்டும் பலப்பமும் போல என்று பிள்ளைகளுக்கு விளக்கினேன். அப்படியும் தேங்காய்ச் சிலுவையைத் தின்ன ஒரு பெண்ணுக்கு மனசு வரவில்லை. பக்கத்தில் இருந்தவன் வாயில் கடலையோடு சொன்னான்: "நன்மையில சேசுவையே சாப்பிடுறோமே, பெறவு என்னட்டி?" பயிற்சிக் கல்லூரியில் கற்றதை வைத்து அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் முடியாது.

சரி, இப்போது அவள் போனில் சொன்னது.

"டீச்சர், ஒரு வருசம் ஒருத்தி கருவாடு கொண்டுவந்தாளே, ஞாபகம் இருக்கா? எப்படிச் சிரிச்சோம்!" என்றாள். பிறகு சிரிக்கிற முகம் மூன்றை வாட்ஸாப்பில் அனுப்பினாள்.

ஞாபகம் இருக்கிறது.

அது 1993 அக்டோபர். அந்த வருடம் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். என் கைக்காசில் கடலை வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. எனவே, "அடுத்த ஞாயிறு எல்லாரும் வீட்டிலிருந்து தின்கிற பொருள் பத்து கொண்டுவாங்க. கோர்க்கிற மாதிரி இருக்கணும். பெரிய மணி நான் தருகிறேன்" என்று சொல்லியிருந்தேன். முந்திரி, திராட்சை, நிலக்கடலை என்று உதாரணமும் சொன்னேன். உதாரணம் சொல்லும்போதே யார் வீட்டில் முந்திரி இருக்கும், யார் வீட்டில் இருக்காது என்று யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை.

ஞாயிறு வந்தது. ஒவ்வொருவராகப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பையன் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தான். உள்ளே குன்றிமணி. பளபளவென்று சிவப்பு, ஒரு பக்கம் கறுப்பு. எங்கள் பாட்டி காலத்தில் இதில்தான் மாலை கோர்ப்போம் என்று அவன் பாட்டி கொடுத்துவிட்டாராம். உண்மைதான். அந்தச் செடியின் தாவரவியல் பெயரிலேயே ஜெபம் இருக்கிறது: ஆப்ரஸ் பிரிகட்டோரியஸ். உலகம் முழுக்க ஜெபமாலைக்குப் பயன்பட்ட விதை. ஆனால் கடும் விஷம். ஒன்றை மென்று விழுங்கினாலே பிள்ளையின் உயிருக்கு ஆபத்து. முழுசாக விழுங்கினால் தோல் கெட்டி என்பதால் தப்பிக்க வாய்ப்புண்டு, ஊசியால் குத்தி ஓட்டை போட்டதோ அந்தப் பாதுகாப்பும் போச்சு. எனக்கு உள்ளே பகீரென்றது. ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. "எவ்வளவு அழகா இருக்குல! ஆனா இது கண்ணுக்குத்தான், வாய்க்கு இல்ல" என்று சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக எண்ணி வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். அவன் முகம் வாடவே இல்லை. நல்ல டீச்சர்தான் நான், அந்த நிமிடம் வரைக்கும்.

அடுத்தது அவள். நான்காம் வகுப்பு. ஒல்லியான பெண், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. செய்தித்தாள் பொட்டலம் ஒன்றை மடியிலிருந்து எடுத்துப் பிரித்தாள். நெத்திலிக் கருவாடு. வாசம் வகுப்பு முழுக்கப் பரவியது. பின்னாலிருந்து எவனோ, "கருவாட்டு ஜெபமாலை!" என்று கத்தினான். வகுப்பே சிரித்தது. கருவாடு இல்லாத வீடு எங்கள் ஊரில் எது? வீட்டில் சட்டியில் கிடப்பது கோயிலுக்குள் வந்துவிட்டதே என்கிற சிரிப்பு அது. அதுவரை குற்றமில்லை.

நான் சொன்னேன்: "ஏட்டி, கோயில் ஹாலுக்குள்ள கருவாடா கொண்டாருவ? நாறுது. வெளிய வை."

பின் வரிசை சட்டென்று அடங்கியது. என் அதட்டலுக்கு அடங்கியது என்று நினைத்துக்கொண்டேன். முன்னால் உட்கார்ந்திருந்த ஐந்தாறு பிள்ளைகள் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று இப்போது யோசித்தால் தெரிகிறது. கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள், வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள். பின் வரிசையில் இருந்தது எல்லாம் கடல் வீட்டுப் பிள்ளைகள். மஸ்கட் மாணவி முன் வரிசை. அவளைக் குறை சொல்லவில்லை, ஒன்பது வயதில் டீச்சர் எதற்குச் சிரிக்கவிட்டாளோ அதற்குச் சிரித்தாள்.

அந்தப் பெண் பொட்டலத்தை மடித்து, ஜன்னல் திண்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். இன்னொரு பிள்ளையின் தட்டிலிருந்து பத்து உலர்திராட்சை எடுத்துக் கொடுத்தேன். கோர்த்தாள். மந்திரம் சொன்னாள். ஒன்றையும் தின்னவில்லை. அதற்குள் ஜன்னலில் காக்கை வந்துவிட்டது. நான் மகிழ்ச்சியின் மறையுண்மைகளைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஜன்னலில் காக்கை காகிதத்தைக் கிழிக்கிற சத்தம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் வரவில்லை.

என் உறவுகள் இதைப் படிக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும், நான் கடற்கரைக்காரி இல்லை. உள்நாட்டில், தேரிக்காட்டு ஓரத்தில், பனையேறி வீட்டில் பிறந்தவள். அப்பாவின் சட்டையிலும் என் பாவாடையிலும் பதநீர்ப் புளிப்பும் சுண்ணாம்பும் எப்போதும் வீசும். ஆறாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று ஒருத்தி எழுந்து போனதை நான் என் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை. அந்த ஆறாம் வகுப்புக்காரிதான் டீச்சராகி, சேலையில் பின் குத்திக்கொண்டு, இன்னொரு பிள்ளையிடம் இந்த வார்த்தையைச் சொன்னாள். மறந்துதான் சொன்னேன் என்று சொல்ல ஆசை. மறக்கவில்லை. நான் அந்த இடத்தை விட்டு மேலே வந்துவிட்டேன் என்று காட்டுவதற்கு அந்த வார்த்தை வசதியாக இருந்தது.

இன்னொரு கூத்து. அதற்கு மூன்று வாரம் முன்புதான் அதே பிள்ளைகளுக்கு ஐயாயிரம் பேருக்கு அப்பம் பலுகிய பாடம் எடுத்திருந்தேன். நான்கு நற்செய்திகளிலும் வருகிற நிகழ்ச்சி. ஆனால் அந்த அப்பத்தையும் மீனையும் கொண்டுவந்தது ஒரு சிறுவன் என்பது யோவான் நற்செய்தியில் மட்டும்தான் இருக்கிறது. அட்டையில் படம் வெட்டி ஒட்டி, "பாத்தீங்களா, சின்னப் பிள்ள கொண்டுவந்ததையும் ஆண்டவர் வேண்டாம்னு சொல்லல" என்று நீட்டி முழக்கியிருந்தேன். பல வருடம் கழித்து ஒரு தியானத்தில் குருவானவர் ஒருவர் சொன்னார், அந்த இடத்தில் யோவான் எழுதிய கிரேக்கச் சொல் அப்பத்தோடு தொட்டுக்கொள்கிற சின்ன மீனைக் குறிக்குமாம், உப்புக்கண்டமாகக்கூட இருந்திருக்கலாமாம். மகதலா மரியாவின் ஊர் என்று சொல்லப்படுகிற இடத்துக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயரே மீனை உப்பிடுகிற தொழிலை வைத்து வந்ததாம். கருவாட்டூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் ரசித்துச் சிரித்தார்கள். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

மூன்றாவது வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். கடற்கரைத் தெருவில் கடைசி வீடு. அவள் அம்மா அப்போதுதான் வியாபாரத்துக்குப் போய்த் திரும்பியிருந்தார். வெறும் கடகப்பெட்டி வாசலில் கவிழ்ந்து கிடந்தது. என்னைக் கண்டதும் பதறிப்போய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "வாங்க டீச்சர், வாங்க. பிள்ளைக்கு ரெண்டு நாளா மேலுக்குச் சொகமில்ல" என்றார். பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்றாள். காய்ச்சல் இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கடுங்காப்பி வந்தது. அவராகவே பேச்சை எடுத்தார். "செவமாலைக்கின்னு சொன்னா டீச்சர். நாந்தான் பொறுக்கிக் குடுத்தேன். மண்ணுல போட்டது இல்ல, வலையில விரிச்சுக் காயப்போட்டது. தலையக் கிள்ளி, ஒரே அளவாப் பாத்து..."

நான் குறுக்கே புகுந்து, "அதுக்கென்னம்மா, அடுத்த வாரம் பிள்ளைய அனுப்புங்க, பாடம் போகுது" என்றேன். வேறு என்ன பேசினேன் என்று நினைவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், கேட்காமலே வந்துவிட்டேன். வரும்போது ஒரு பொட்டலம் கருவாடு கையில் திணித்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. அன்றிரவு கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். வீட்டில் எல்லாரும் ருசித்துச் சாப்பிட்டார்கள்.

பிள்ளை வந்தாள். புதுநன்மையும் வாங்கினாள். ஆனால் அதன் பிறகு என் வகுப்புக்கு எதையும் கொண்டுவந்ததில்லை. படம் வரைந்து வரச் சொன்னாலும் அட்டை இல்லை என்பாள். அடுத்த வருடம் நான், "வீட்டில் என்ன இருக்கோ அதைக் கொண்டுவாங்க, எதுவானாலும் சரி, கருவாடானாலும் சரி" என்று சொல்லியே பார்த்தேன். ஒருவரும் கொண்டுவரவில்லை. 2010 வரைக்கும் அந்த வகுப்பை எடுத்தேன். பதினேழு அக்டோபர். கடலை வந்தது, திராட்சை வந்தது, பிஸ்கட் வந்தது. கடலுக்கு இருநூறு அடி தூரத்தில் இருந்த வகுப்புக்குள் மீன் மட்டும் வரவே இல்லை.

2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கிற ஒரு வயதான அம்மாவை நாற்றம் அடிக்கிறது என்று பேருந்திலிருந்து இறக்கிவிட்ட வீடியோ வந்ததே, பார்த்திருப்பீர்கள். நம் குடும்பக் குழுவில் எல்லாரும் கோபமாக எழுதினீர்கள். "டீச்சரம்மா ஒன்றும் சொல்லவில்லையே" என்று என் தம்பி மகன் கேட்டான். நெட்வொர்க் இல்லை என்று பொய் சொன்னேன். அந்த அம்மா பேருந்து நிலையத்தில் நின்று நியாயம் கேட்டார். ஒன்பது வயதுப் பிள்ளை எங்கே போய்க் கேட்கும்?

மஸ்கட் மாணவியிடம் அந்தப் பெண்ணின் நம்பர் கேட்டேன். இரண்டு நாளில் வாங்கிக் கொடுத்தாள். கூப்பிட எனக்கு இன்னும் மூன்று நாள் ஆனது. சனிக்கிழமை மாலை கூப்பிட்டேன். இந்தப் பதிவை அதற்குப் பிறகுதான் எழுதுகிறேன், அவள் சம்மதித்த பிறகு.

குரல் அடையாளம் தெரியவில்லை. பேரைச் சொன்னதும், "டீச்சர்!" என்று ஒரு சத்தம். நாற்பதைத் தாண்டிவிட்டாள். இரண்டு பிள்ளைகள், மூத்தவன் பாலிடெக்னிக். அம்மா தவறி ஆறு வருடம் ஆகிறதாம். அது எனக்குத் தெரியாது. அந்தச் செய்தியைக் கேட்டதும் நான் தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் எல்லாம் போய்விட்டது. ஒருவழியாகச் சொன்னேன்: "1993-ல ஜெபமாலை வகுப்பு. நீ பத்து நெத்திலி கொண்டுவந்த. நான் உன்னை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அன்னைக்கே கேட்டிருக்கணும், உங்க அம்மாகிட்டயும் கேட்டிருக்கணும். என்னை மன்னிச்சிரும்மா."

அவள் சிரித்தாள். "அட என்ன டீச்சர் நீங்க, எப்பவோ நடந்தது. எனக்கு ஞாபகமே இல்ல" என்றாள். நானும் விட்டுவிட்டேன். அவள் மகன் படிப்பைப் பற்றிக் கேட்டேன். என் முழங்கால் வலியைப் பற்றி அவள் கேட்டாள். ஊர்ச் செய்தி கொஞ்சம். வைக்கப் போகும்போது ஒரு நிமிடம் பேசாமல் இருந்தாள். லைன் போய்விட்டதோ என்று, "அலோ, அலோ" என்றேன்.

"பத்து இல்ல டீச்சர்," என்றாள். "பதினொண்ணு. பரலோக மந்திரத்துக்குன்னு அம்மா பெருசா ஒண்ணு தேடி எடுத்து, தனியா மடிச்சு வச்சி விட்டாங்க."

பேர் போட வேண்டாம் என்று சொன்னாள். போடவில்லை.